கொக்கு பார்க்கப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிறு காலைகளில் பாரூர் ஏரிக்கரைக்குப் புதியவர்களைக் கூட்டிப் போகிறேன். ஆரம்பத்தில் நான் செய்த தவறுகளையே அவர்களும் செய்கிறார்கள். நாரையைக் கொக்கு என்பதெல்லாம் நாலு வாரம் வந்தால் தானாகச் சரியாகிவிடும். மற்றவற்றைச் சொல்கிறேன்.

அலகின் நிறத்தை மட்டும் நம்புவது

மஞ்சள் அலகு என்றதும் பெரிய கொக்கு என்று குறித்துவிடுகிறார்கள். கூடு கட்டும் பருவத்தில் அதே அலகு கறுத்துவிடும். அலகின் பிளவு கண் பக்கமாக நீளும் கோடுதான் வாய்க்கோடு. அதைப் பாருங்கள். கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு. கண்ணுக்குக் கீழேயே நின்றால் நடுத்தரக் கொக்கு. கறுப்புக் காலில் மஞ்சள் பாதம் இருந்தால் சின்னக் கொக்கு.

பறக்கும் மடையானை வெள்ளைக் கொக்கோடு சேர்ப்பது

மடையான் என்பது குளத்தோரம் நிற்கும் மண்நிறக் கொக்கு. இறக்கையை விரித்தால் வெள்ளையாகத் தெரியும். உட்காரும்வரை எண்ணாதீர்கள்.

உண்ணிக்கொக்கு உண்ணியை மட்டுமே தின்னும் என்பது

பெயர் மாட்டு உண்ணியால் வந்ததுதான். ஆனால் மாடு மேயும் இடத்தில் கொஞ்சநேரம் நின்று பாருங்கள். குளம்படியில் கிளம்பும் வெட்டுக்கிளிதான் அதற்குப் பெரிய தீனி. டிராக்டர் பின்னால் அது ஓடுவதும் இதற்காகவே.

கூடிருக்கும் மரத்தடிக்குப் போவது

இதைப் பார்த்தால் இன்னும் எனக்குக் கோபம் வருகிறது.

கொக்கின் ஆங்கிலப் பெயரான 'எக்ரெட்' என்றால் வெள்ளைப் பறவை என்று பலர் நினைக்கிறார்கள். அது நாரையைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லின் சிறுமை வடிவம். அதே சொல்தான் பிரெஞ்சில் கொக்கின் முதுகில் இழைஇழையாகத் தொங்கும் தூவிக்கும், அதைச் செருகிய தலையணிக்கும் பெயரானது. பெண்களின் தொப்பிக்காக அந்தத் தூவி தங்கத்தைவிட அதிக விலைக்குப் போன காலம் உண்டு. தூவி முளைப்பதோ கூடு கட்டும் பருவத்தில். அதனால் வேட்டைக்காரர்கள் கூட்டுக்கே போனார்கள். தாயும் தகப்பனும் செத்தபின் குஞ்சுகள் பட்டினியில் மடிந்தன. இதை எதிர்த்து 1889இல் இங்கிலாந்தில் பெண்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1902இல் இந்தியாவிலிருந்து இறகு ஏற்றுமதி தடை செய்யப்பட்டது.

இதெல்லாம் தெரியாமல் நானும் அந்தத் தூவிக்காகவே போனேன், கேமராவோடு. காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு புளியமரம். அடியில் போய் நின்றதும் கொக்குகள் மொத்தமாக எழும்பின. காக்கைகள் இறங்கின. முட்டைகள் போயின. இரண்டு குஞ்சுகள் என் காலருகே விழுந்தன. மரத்துக்காரப் பாட்டி ஓடிவந்து, "குஞ்சு பறக்கிற வரைக்கும் நாங்களே இந்தப் பக்கம் வர்றதில்லயேப்பா" என்றார். அந்தப் படத்தை நான் யாருக்கும் காட்டியதில்லை.

போன மாதம் என்னோடு வந்த ஒருவர், நல்ல லென்ஸ் கையிலிருந்தும், கூட்டைப் படமெடுக்கக் கிளையை வளைத்துப் பிடிக்கச் சொன்னார். அன்றைய நடையை அங்கேயே முடித்துத் திரும்பிவிட்டேன்.

டிரோன்

வேண்டவே வேண்டாம்.

கூடிருக்கும் மரத்தைத் தூரத்து வரப்பில் உட்கார்ந்து பாருங்கள். கொக்குகள் கழுத்தை நிமிர்த்தி உங்கள் பக்கமே பார்த்தால், அந்த இடமும் கிட்டம்தான். இன்னும் பின்னால் போங்கள்.