சின்ன லேத்துக்கு மலிவாக டூல் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக லேத் வாங்கியவர்கள் ஆசையாக டூல் பெட்டியைத் திறந்து காட்டும்போது பாதிப் பெட்டி என்னுடைய பழைய பெட்டி மாதிரியே இருக்கிறது. கண்ணாடி போடுங்கள், டூலை இறுக்குங்கள் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். நான் பணம் போன கதையைச் சொல்கிறேன்.

பெரிய மெஷினின் இன்செர்ட்டைச் சின்ன லேத்தில் மாட்டுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல்தான். இன்செர்ட் என்பது ஹோல்டரில் மாட்டி, மழுங்கினால் மாற்றிக்கொள்ளும் சின்ன கார்பைடு வெட்டுத்துண்டு. சி.என்.எம்.ஜி 120408 என்ற ரகத்தில் ஒரு பெட்டி, மிச்சச் சரக்காக மலிவாகக் கிடைத்தது. இரண்டு பக்கமும் வெட்டும் என்பதால் ஒன்றுக்கு நான்கு முனை. சி.சி.எம்.டி என்ற இன்னொரு ரகத்தில் இரண்டுதான். முனைக் கணக்குப் போட்டுப் பார்த்து, ஹோல்டரையும் சேர்த்து வாங்கிவிட்டேன்.

20 மி.மீ. மைல்ட் ஸ்டீல் தண்டில் வைத்ததும் லேத் அலறியது. கடைந்த இடம் மீன் செதில் மாதிரி இருந்தது. வெட்டின் ஆழத்தைக் குறைத்தேன், இன்னும் மோசம். பெல்ட்டை மாற்றினேன். ஸ்பிண்டில் பேரிங்கைக்கூடக் கழற்றிப் பார்த்தேன்!

விஷயம் பெட்டியின் மேலேயே எழுதியிருந்தது. இரண்டாவது எழுத்து 'என்' என்றால் இன்செர்ட்டின் பக்கவாட்டில் சரிவே கிடையாது, 0 டிகிரி. அதனால் ஹோல்டர் அதை முன்னால் சாய்த்துப் பிடிக்கும். அப்படிச் சாய்ந்த முனை உலோகத்தைச் சீவுவதைவிடத் தள்ளுவதுதான் அதிகம். அதைத் தாங்க மெஷினுக்கு எடையும் மோட்டாருக்குத் தெம்பும் வேண்டும். கடைசி 08, முனையின் ஆரம் 0.8 மி.மீ. என்கிறது. நான் எடுத்த ஆழமோ 0.2. வெட்டாமல் தேய்த்துக்கொண்டே போயிருக்கிறது.

சின்ன லேத்துக்கு இரண்டாவது எழுத்து 'சி' (7 டிகிரி), கடைசி எண் 02 அல்லது 04 என்று பார்த்து வாங்குங்கள். அலுமினியத்துக்கென்று கூராகத் தீட்டி வரும் சி.சி.ஜி.டி, ஸ்டீலில் மெல்லிய வெட்டுக்கும் அருமை. முனை மட்டும் சீக்கிரம் உதிரும்.

என்னைக் கேட்டால் முதல் வருடம் இன்செர்ட்டே வேண்டாம். ஹை ஸ்பீட் ஸ்டீல் பிட் (கடினமான எஃகில் செய்த டூல்) நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகத்திலேயே மைல்ட் ஸ்டீலைக் கடையும், 20 மி.மீ. தண்டுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 480 சுற்று. கார்பைடு கேட்கும் வேகம் மூன்று மடங்குக்கு மேல். மழுங்கினால் பிட்டை நாமே சாணை பிடித்துக்கொள்ளலாம்.

பிரேஸ் செய்த கார்பைடு செட்

எஃகுத் தண்டின் நுனியில் கார்பைடைப் பற்றவைத்து வரும் டூல்கள் இவை. பெட்டியிலிருந்து எடுத்ததும் வெட்டும் என்று நம்ப வேண்டாம். பலவற்றைத் தீட்டித்தான் மாட்ட வேண்டும். சாம்பல் நிறச் சாதாரணக் கல் கார்பைடுக்கு ஆகாது. பச்சைக் கல்லோ வைரச் சக்கரமோ வேண்டும். அப்புறம், சூட்டோடு தண்ணீரில் முக்கினால் விரிசல் விழும்.

தங்க நிற ட்ரில் செட்

வேண்டாம்.

ஷாங்க் உயரம்

ஷாங்க் என்பது டூலின் தண்டு. அதைப் பிடிக்கும் டூல்போஸ்ட்டை அளந்த பிறகு காசு கொடுங்கள். ஷாங்க் தடிமனாக இருந்தால் முனை சென்டர் மட்டத்துக்கு, அதாவது வேலைத்துண்டு சுழலும் அச்சின் உயரத்துக்கு, இறங்காது.

சாணை பிடித்த பழைய எண்ட் மில்

எண்ட் மில் என்பது பக்கத்திலும் நுனியிலும் வெட்டும், சுழலும் கட்டர். தாராளமாக வாங்கலாம். பக்கவாட்டிலும் தீட்டியிருந்தால் விட்டம் குறைந்திருக்கும். 10 என்று பொறித்திருப்பது 9.7 ஆக இருக்கலாம். ஓரம் சீவ அது போதும். ஒரே ஓட்டத்தில் கீவே (தண்டில் சாவி உட்காரும் பள்ளம்) போட மட்டும் புதியது எடுத்துக்கொள்ளுங்கள்.