பிபி லோவா? பீட்ரூட்டை மிக்ஸியில் போடுவதற்கு முன்

போன வருடம் கத்திரி வெயிலில், ஒரு கல்யாண வீட்டுப் பந்தி வரிசையில் நின்றிருந்த என் சித்திக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. யாரோ பிபி பார்த்தார்கள். 92/58. "லோ பிபி" என்று அங்கேயே முடிவு கட்டியாயிற்று. மறுநாளிலிருந்து காலையில் ஒரு தம்ளர் பீட்ரூட் சாறு, ராத்திரி ஊறவைத்த உலர் திராட்சை. மூன்று வாரம் ஆகியும் தலைசுற்றல் அப்படியேதான் இருந்தது.

பீட்ரூட் சிவப்பாக இருக்கிறது, அதனால் ரத்தம் ஊறும், ரத்தம் ஊறினால் பிரஷர் ஏறும் என்பதுதான் நம் வீடுகளில் போடும் கணக்கு. ரத்தம் குறைவதும் ரத்த அழுத்தம் குறைவதும் ஒன்றில்லை. முன்னது ஹீமோகுளோபின் சமாச்சாரம். பின்னது ரத்தம் குழாய்ச் சுவரில் தரும் அழுத்தம். இதைவிடப் பெரிய வேடிக்கை, பீட்ரூட் அழுத்தத்தை ஏற்றுவதே இல்லை. அதிலுள்ள நைட்ரேட் உடம்புக்குள் நைட்ரிக் ஆக்சைடாக மாறி ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது; அழுத்தம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். செம்பருத்திப்பூ டீ, பூண்டு இரண்டும்கூட இறக்குகிற கட்சிதான். முருங்கைக்கீரை சூப்பை பிபி அதிகமானவருக்கும் சொல்கிறார்கள், குறைந்தவருக்கும் சொல்கிறார்கள். கீரை என்ன செய்யும் பாவம்!

கடைசியில் சித்திக்கு ரத்தப் பரிசோதனை செய்தபோது ஹீமோகுளோபின் 8.4. பெண்களுக்கு 12-க்கு மேல் இருக்க வேண்டும். மாதவிலக்கில் பல மாதங்களாக அதிகப் போக்கு இருந்ததை அவர் யாரிடமும் வாய் திறந்து சொல்லவில்லை. அந்தப் போக்குக்கு வைத்தியமும் இரும்புச்சத்து மாத்திரையும்தான் அவரை நிமிர்த்தின.

இன்னொரு தவறு, எண்ணைப் பார்த்தே பயப்படுவது. 90/60-க்குக் கீழே போனால் குறைந்த அழுத்தம் என்பது பொதுவான வரையறை. ஆனால் ஒல்லியான இளம்பெண்கள் பலருக்கு ஆயுசு முழுக்க 95/60-ஐ ஒட்டித்தான் இருக்கும். தலைசுற்றல், மயக்கம், அசதி எதுவும் இல்லையென்றால் அதற்கு வைத்தியமே வேண்டாம். கர்ப்பத்தின் முதல் 5, 6 மாதங்களில் அழுத்தம் சற்று இறங்குவதும் இயல்பு.

அளக்கும் விதத்தையும் பாருங்கள். மெலிந்த கைக்குப் பெரிய பட்டையைச் சுற்றினால் அளவு குறைத்துக் காட்டும். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைத்தாலும் அப்படியே. ஒரு அங்குலத்துக்கு ஏறக்குறைய 2 புள்ளி இறங்கும். நாற்காலியில் உட்காரவைத்து ஒரே ஒருமுறை பார்ப்பதும் போதாது. எழுந்து நின்றால்தான் சுற்றுகிறது என்றால், 5 நிமிடம் படுத்திருந்து ஒருமுறை, நின்ற 1-வது நிமிடத்திலும் 3-வது நிமிடத்திலும் ஒவ்வொரு முறை பார்க்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம் அது.

சரி, உப்பு? வியர்வையிலோ வயிற்றுப்போக்கிலோ நீரும் உப்பும் வெளியேறி அழுத்தம் விழுந்திருந்தால் உப்புப் போட்ட மோர், கஞ்சி, நீராகாரம் எல்லாமே நல்ல மருந்து. அதையே தினசரி வைத்தியமாக்கி, ஸ்பூன் ஸ்பூனாக உப்பைக் கரைத்துக் குடிப்பதுதான் தவறு. ஒரு டீஸ்பூன் உப்பு சுமார் 5 கிராம். ஒரு நாள் முழுவதுக்குமே அதற்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதயம் பலவீனமானவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவர் சொல்லாமல் உப்பைக் கூட்டவே கூடாது.

நாட்டு மருந்துக் கடைச் சரக்கில் உண்மையாகவே அழுத்தத்தை ஏற்றுவது அதிமதுரம். ஏற்றுகிறதே என்று தினமும் கஷாயம் போட்டுக் குடித்தால் வேறு வம்பு வரும். உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கிவைத்து, பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடும் அது. பொட்டாசியம் மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பே தாளம் தப்பலாம். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதன் பக்கமே போகவேண்டாம்.

சமையலறையில் நிஜமாகவே உதவுவது பெரும்பாலும் பெயரில்லாத சாதாரண விஷயங்கள். வயதானவர்களுக்கு வயிறு முட்டச் சாப்பிட்டதும் ரத்தம் குடல் பக்கம் போய் அழுத்தம் இறங்கும். இலை நிறையச் சோறும் பாயசமும் ஒரே மூச்சில் சாப்பிட்டுவிட்டு உடனே எழுவதைவிட, கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து வேளை சாப்பிடலாம். சாப்பாட்டுக்கு முன் ஒரு காபி சிலருக்குக் கைகொடுக்கும். நாளுக்கு நாலு காபி குடித்துப் பழகியவருக்கு அவ்வளவாகப் பலிக்காது. நிற்கும்போதே சுற்றல் வந்தால் கால்களைப் பின்னிக்கொண்டு தொடையை இறுக்குங்கள், அல்லது குத்துக்காலிட்டு உட்காருங்கள். கால் பக்கம் தேங்கிய ரத்தம் மேலே ஏறும்.

மயங்கி விழுந்தவரை நாம் என்ன செய்கிறோம்? நாலு பேர் சேர்ந்து தூக்கி நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, ஓடிப்போய் சோடா வாங்கிவந்து வாயில் ஊற்றுகிறோம். ரத்தம் தலைக்குப் போகவில்லை என்றுதானே உடம்பு தானாகவே கிடைமட்டமானது? அவரைப் படுத்தபடியே விட்டு, காலைச் சற்று உயர்த்தி, கூட்டத்தை விலக்கினால் போதும். முழு நினைவு வரும்வரை வாயில் ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். சர்க்கரை நோயாளி என்றால் குளுக்கோஸ் அளவையும் கட்டாயம் பாருங்கள். லோ சுகரும் லோ பிபியும் வெளியே ஒன்றுபோலவே தெரியும்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கருப்பாக மலம் போவது, கை கால் சில்லிட்டுப் பேச்சு குழறுவது இவற்றோடு அழுத்தம் குறைந்தால் வீட்டு வைத்தியத்துக்கு நேரமே இல்லை. டெங்குவும் அப்படித்தான். காய்ச்சல் விட்டதும் நிம்மதியாகிவிடுகிறோம், ஆனால் ஆபத்தான கட்டம் அந்த நேரத்தில்தான் தொடங்குகிறது. அப்போது வயிற்றுவலியோ விடாத வாந்தியோ இருந்தால் பப்பாளி இலையைத் தேடி அலையாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

மாத்திரைகளைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் பெரியப்பா ராத்திரி மூன்று மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுந்து, பாத்ரூம் வாசலில் விழுந்தார். நெற்றியில் நாலு தையல். வீட்டில் எல்லோரும் "உடம்பில் சத்தில்லை" என்று பேரீச்சம்பழம் வாங்கிக் குவித்தார்கள். மருத்துவர் மருந்துச் சீட்டைத்தான் கேட்டார். உயர் ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, புரோஸ்டேட்டுக்கு ஒன்று. வெவ்வேறு இடத்தில் எழுதி வாங்கியவை. புரோஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசின் போன்றவை ரத்தக் குழாயையும் தளர்த்தும், எழுந்து நின்றதும் அழுத்தம் சரியும். அவராகவே எதையும் நிறுத்தாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. மருத்துவர் ஒன்றின் அளவைக் குறைத்தார். அப்புறம், கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும், ராத்திரியில் உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க வேண்டும் என்றார். இரண்டாவதைக் கேட்டதும் பெரியப்பா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. அன்று ராத்திரியே கட்டிலுக்கடியில் ஒரு பிளாஸ்டிக் குவளையை வைத்துவிட்டார்.