பழைய அச்சார் ஜாடியில ஈயம் கசியுதான்னு பாக்குறது எப்படி

தென்னாப்பிரிக்கா டர்பன்ல நம்ம ஆளுங்க வீட்ல ஆயா காலத்து பீங்கான் ஜாடி இன்னும் அச்சாரோட (ஊறுகாய்தான்) உக்காந்திருக்கும். கிளேஸ்ல, அதாவது ஜாடியோட பளபளப்புப் பூச்சுல, ஈயமோ காட்மியமோ (ரெண்டும் விஷ உலோகம்) இருந்தா புளிப்பு பட்டு கசியும். தேய்ச்சா நிறம் மாறுற ஸ்வாப் குச்சி எனக்குப் புடிக்கல, ஈயம் கொஞ்சமா கசிஞ்சா காட்டாது, நாம நல்ல ஜாடின்னு நம்பிடுவோம். லேப்காரங்க முறையில பாதிய வீட்லயே செஞ்சுடலாம்: 4% அசிட்டிக் ஆசிட், 24 மணி நேரம், 22 டிகிரி.

வெள்ளை வினிகர் போதும், பிரவுன் வேணாம். லேபிள்ல 5%ன்னு இருந்தா நாலு கப்புக்கு ஒரு கப் டிஸ்டில்டு வாட்டர், குழாய்த் தண்ணி கூடவே கூடாது. ஜாடிய சோப்பு போட்டுக் கழுவி டிஸ்டில்டு வாட்டர்ல அலசுங்க, உள்ள கை படாம. வாய்க்கு 6, 7 மில்லிமீட்டர் கீழ வரைக்கும் ஊத்தி கண்ணாடித் தட்டால மூடி (அலுமினியம் ஃபாயில் வேணாம், ஆசிட் ஆவி அரிச்சுடும்) இருட்டுல வைங்க, வெளிச்சம் பட்டா காட்மியம் கணக்கு மாறும். பசங்க எடுத்துக் குடிச்சிடாம எழுதி ஒட்டிடுங்க.

இப்ப டெம்பரேச்சர். ஜனவரி வெக்கையில செஞ்சா ஈயம் கூடுதலா கசியும், நல்ல ஜாடியும் கெட்டதா தெரியும், அதனால ஏசி ரூம், இல்லன்னா ஜூலை வரைக்கும் பொறுங்க, பக்கத்துல தெர்மாமீட்டர் இருக்கட்டும், 20லேர்ந்து 24க்குள்ள நிக்கணும்.

பிளாங்க்க, அதாவது ஜாடியில ஊத்தாத ஒப்பீட்டு சாம்பிள, மட்டும் விட்டுடாதீங்க. அதே கலவைய சுத்தமான பாலிப்ரொப்பிலீன் (ஒரு வகை பிளாஸ்டிக்) டப்பாவுல அதே 24 மணி நேரம் ஜாடி பக்கத்துலயே வைங்க, ஏன்னா ரிப்போர்ட்ல ஈயம் வந்தா அது ஜாடியிலேர்ந்து வந்துச்சா, வினிகர்லேர்ந்தா, பாட்டில்லேர்ந்தான்னு வேற எப்படியும் சொல்ல முடியாது, லேப்ல ரெண்டு சாம்பிளுக்குக் காசு வாங்குவான், குடுங்க.

மறுநாள் சுவர உரசாம பிளாஸ்டிக் கரண்டியால கலக்கி (கசிஞ்ச ஈயம் அடியில அதிகமா நிக்கும்) புது பாலிப்ரொப்பிலீன் பாட்டில்ல ஊத்தி லேபுக்கு அனுப்புங்க, தகர மூடி ஜாம் பாட்டில் வேணாம். ஐசிபி-எம்எஸ்ல (துளி உலோகத்தையும் அளக்குற லேப் மெஷின்) ஈயம், காட்மியம், லிட்டருக்கு மி.கி. கணக்குல வேணும்னு கேளுங்க. 1.1 லிட்டரும் அதுக்கு மேலயும் புடிக்கிற ஜாடிக்கு அமெரிக்க எஃப்டிஏ (உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு) வரம்பு ஈயம் லிட்டருக்கு 1 மி.கி. மீதி வினிகர தோட்டத்துல கொட்டாதீங்க, லேப்லயே குடுத்துடுங்க.

பின்சேர்க்கை: எலுமிச்சம்பழ சாறு ஊத்தலாமான்னு கேட்டிருந்தீங்க, வேணாம், பழத்துக்குப் பழம் புளிப்பு மாறும், அந்த 1 மி.கி. கணக்கு 4% அசிட்டிக் ஆசிட்டுக்குப் போட்டது. பித்தளை சொம்புக்கும் இந்த வரம்பு பொருந்தாது, அது பீங்கானுக்கு மட்டும்தான்.