அற்புதம் நடந்ததாகச் செய்தி வந்தால் அதை ஆராய்வது எப்படி?

தெருக்கோடி அம்மன் கண் திறந்தாள் என்றோ, மாதா சிலையில் கண்ணீர் வடிகிறது என்றோ ஒரு காணொளி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தால், உடனே "பொய்" என்று பதில் எழுதிவிடாதீர்கள். நேரில் பார்க்காமலே பொய் என்று சொல்பவரின் பேச்சை, நேரில் பார்த்ததாகச் சொல்லும் அத்தை ஏன் கேட்க வேண்டும்? நான் நாத்திகன், இயற்கைக்கு அப்பால் எதுவும் இல்லை என்பது என் முடிவு. ஆயினும் ஆராயத் தொடங்குவதற்கு அந்த முடிவு தேவையில்லை. இயற்கையான காரணங்களைத் தேடிப் பார்த்து முடிக்கும்வரை வேறொரு காரணத்தை ஏற்பதில்லை என்ற ஒழுங்கு மட்டும் போதும். பக்தி உள்ளவரும் இதைக் கடைப்பிடிக்கலாம்.

ஏன் நடந்தது என்று கேட்பதற்கு முன், என்ன நடந்தது என்பதை உறுதி செய்யுங்கள். 1995 செப்டம்பர் 21 அன்று, பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற செய்தி டெல்லியிலிருந்து புறப்பட்டு ஒரே நாளில் நாடெங்கும் பரவியபோது, நான் புரசைவாக்கத்தில் பள்ளி மாணவன். அம்மாவோடு வரிசையில் நின்று, என் முறை வந்ததும் கரண்டியைத் துதிக்கையருகே பிடித்தேன். பால் கண்ணெதிரே குறைந்தது. பீடமும் தரையும் பாலால் நனைந்திருந்ததையும் பார்த்தேன். காலையில் நடந்த அபிஷேகத்தின் ஈரம் என்று நினைத்துக்கொண்டேன். விடை அந்த ஈரத்தில்தான் இருந்தது. விளிம்புவரை நிறைந்த கரண்டியின் பால் சிலையைத் தொட்டவுடன் பரப்பு இழுவிசை, அதாவது திரவத்தின் மேற்பரப்பு தன்னைத்தானே சேர்த்து இழுக்கும் விசை, அதை வெளியே இழுக்கிறது. ஏற்கெனவே நனைந்திருக்கும் கல்லின்மேல் அது கண்ணுக்கு எளிதில் புலப்படாத மெல்லிய படலமாகக் கீழே வழிந்துவிடுகிறது. பாலில் நிறம் கலந்து கொடுத்துப் பார்த்த அறிவியலாளர்கள் அந்த வழித்தடத்தை எல்லோரும் காணும்படி காட்டினார்கள்.

ஆகவே அடுத்து, அதே செயலைத் தெய்வத்தோடு தொடர்பில்லாத ஒரு பொருளில் செய்து பாருங்கள். வீட்டில் உள்ள அம்மிக்குழவியை ஈரமாக்கி நிறுத்தி, கரண்டி நிறையப் பாலை அதைத் தொடும்படி பிடித்துச் சற்றே சாய்த்தால், குழவியும் குடிக்கும்.

"கண்ணால் கண்டால்தான் நம்புவேன்" என்று நம் பகுத்தறிவாளர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இது போதாத அளவுகோல் என்பதே என் கருத்து, ஏனெனில் பால் குறைந்ததை நான் கண்ணால்தான் கண்டேன். மணிமேகலையில் வரும் பூதவாதி, தாதகிப்பூவும் வெல்லக்கட்டியும் சேரும்போது மதுவின் களிப்புப் பிறப்பதுபோல் நிலம், நீர் முதலிய பூதங்களின் சேர்க்கையில் உணர்வு பிறக்கிறது என்கிறான். இயற்கைவாதம் தமிழுக்குப் புதிதல்ல என்பதற்கு அவன் நல்ல சான்று. ஆனால் அவன் காட்சியை, அதாவது நேரில் கண்டதை மட்டுமே ஏற்று, கண்டதிலிருந்து ஊகித்து அறியும் அனுமானத்தைத் தள்ளுகிறான். அதைக் கேட்டு நகைக்கும் மணிமேகலை, உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிவாய் என்று கேட்கிறாள். கொள்கையில் நான் பூதவாதியின் பக்கம். இந்த ஒரு கேள்வியில் அவள் பக்கம். கண்டதை வைத்துக் காணாததை ஊகித்து, ஊகம் சரியா என்று மீண்டும் சோதிக்கும் பழக்கம் இல்லாவிட்டால், கண் நம்மை எளிதாக ஏமாற்றிவிடும்.

மனிதர் செய்துகாட்டும் அற்புதமாக இருந்தால், சோதனையின் நிபந்தனைகளைப் பார்ப்பவரே வகுக்க வேண்டும். செம்பருத்திப் பூவைத் தேய்த்துக் காயவைத்த கத்தியால் எலுமிச்சம்பழத்தை அறுத்தால் சாறு இரத்தம்போல் சிவக்கும். எனவே பழத்தை மட்டுமன்றிக் கத்தியையும் நீங்களே கொண்டு போங்கள். கேரளத்தில் பிறந்து இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், மோசடிக்கு இடமில்லாத நிலையில் அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும்வரை யாரும் அதை வெல்லவில்லை. கோவையை அடுத்த போத்தனூரில் வாழ்ந்த பகுத்தறிவாளர் பிரேமானந்த், வெறுங்கையில் விபூதி வரவழைப்பதை ஊர் ஊராகச் செய்துகாட்டி, திருநீற்றை உருண்டையாக்கி விரலிடுக்கில் மறைத்து நொறுக்கும் முறையையும் கூடவே விளக்கினார்.

நோய் குணமான கதைகளுக்கே அதிகப் பொறுமை தேவைப்படுகிறது, ஏனெனில் அவற்றில் பெரும்பாலும் யாரும் ஏமாற்றுவதில்லை. குழந்தை உண்மையிலேயே எழுந்து விளையாடுகிறது. அங்கே கேட்க வேண்டியது, அந்த வழிபாடு நடக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான். சின்னம்மை வந்த குழந்தைக்கு வேப்பிலை கட்டித் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதற்குள் கொப்புளங்கள் உலர்ந்துவிடுகின்றன. எதுவும் செய்யாவிட்டாலும் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றிரண்டு வாரங்களில் அது ஆறிவிடும். பெரியம்மையோடு இதை ஒப்பிடுங்கள். அதே வேப்பிலை, அதே மாரியம்மன், அதே கண்ணீர் இருந்தும், அதன் கொடிய வகை தாக்கியவர்களில் பத்துக்கு மூன்று பேர் இறந்தார்கள். 1899இல் தொடங்கப்பட்ட கிண்டி கிங் நிலையம் போன்ற இடங்களில் தயாரான அம்மைப்பாலும் (பெரியம்மைத் தடுப்பு மருந்து), வீடு வீடாகச் சென்று குத்திய ஊழியர்களும்தான் அதை விரட்டினார்கள்; 1975க்குப் பிறகு இந்தியாவில் யாருக்கும் அது வரவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த அந்தத் தாய்மார்களின் வேண்டுதல் யாருடையதையும்விடக் குறைந்ததாக இருந்திருக்காது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

கனவு பலித்தது என்று சொல்பவரிடம், பலிக்காத கனவுகளை எண்ணினீர்களா என்று கேளுங்கள். அப்படிப் பலிக்கும் வாய்ப்பு ஓர் இரவுக்கு லட்சத்தில் ஒன்று என்று வைத்துக்கொண்டாலும், அறுபது லட்சம் பேர் உறங்கும் நகரத்தில் ஒவ்வொரு விடியலிலும் அறுபது பேர் வியப்போடு எழுவார்கள்.

இத்தனைக்குப் பிறகும் விளங்காத செய்தி சில உண்டு. அப்போது "காரணம் எனக்குத் தெரியவில்லை" என்றே சொல்லுங்கள். எனக்குத் தெரியாததால் காரணமே இல்லை என்று ஆகிவிடாது.

எங்கே, எப்படிச் சொல்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். 2012இல் மும்பையில் சிலுவையிலிருந்து சொட்டிய நீர், அருகிலிருந்த கழிவுநீர், நுண்ணிய துளைகள் நீரை மேலே இழுக்கும் நுண்துளை ஏற்றத்தால் சுவரில் ஏறிக் கசிந்தது என்று காட்டிய பகுத்தறிவாளர் சனல் இடமருகு, மத உணர்வைப் புண்படுத்தியதாக வழக்குகளைச் சந்தித்து நாட்டைவிட்டே போக நேர்ந்தது. சோதனையை வழிபாட்டு இடத்தில் கூட்டத்தின் நடுவே செய்யாதீர்கள். திருவிழா முடிந்த பிறகு, உங்கள் சமையலறையில், அந்த அத்தையின் கையிலேயே கரண்டியைக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள்.