ஓநாய் திரும்பி வந்த ஊரில் ஆட்டுக்காரர் செய்யும் தவறுகள்

ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில், போலந்து எல்லையை ஒட்டிய லவுசிட்ஸ் பகுதியில் 1904-ல் ஒரு ஓநாயைச் சுட்டார்கள். அதோடு அங்கே ஓநாய்க் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தலைமுறை தலைமுறையாக இடுப்புயர வேலிக்குள் ஆட்டை விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். 2000-ல் அங்கேயே ஒரு ராணுவப் பயிற்சிக் காட்டில், போலந்திலிருந்து தானாக வந்த ஓநாய்கள் குட்டி போட்டன. இன்று ஜெர்மனியில் இருநூறு கூட்டம் போல இருக்கின்றன.

‘நம்ம பக்கம்தான் ஓநாயே இல்லையே’ என்று இருப்பது முதல் தவறு. வளர்ந்த குட்டிகள் கூட்டத்தை விட்டுப் பிரிந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடக்கும். போகிற வழியில் காவல் இல்லாத பட்டி கிடைத்தால் போதும். ஓநாயின் தீனியில் பெரும்பங்கு காட்டு மான்தான். ஆனால் ஆடு சுலபம் என்று ஒருமுறை பழகிவிட்டால் திரும்ப வரும்.

அடுத்தது வேலி. எல்லோரும் உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். 120 செ.மீ. இருந்தால் நல்லது, சரி. ஆனால் ஓநாய் தாண்டுவதைவிட அடியில் நுழையத்தான் முதலில் பார்க்கும், நாயைப் போலவே. மின்வேலியின் கீழ்க்கம்பி தரையிலிருந்து 20 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. மேடுபள்ளத்தில் கட்டும்போது எங்காவது ஒரு குழியில் அது முப்பதாகிவிடும். ஓநாயின் மூக்கில் சுரீரென்று ஷாக் அடிக்க வேண்டும். வேலியின் வேலையே அதுதான். அதற்கு 4,000 வோல்ட்டாவது ஓட வேண்டும். புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் கரண்ட் இறங்கிவிடும். லவுசிட்ஸ் மணல் பூமி. கோடையில் காய்ந்த மணலில் எர்த் கம்பி சரியாகப் பிடிக்காது. அதைச் சுற்றித் தண்ணீர் ஊற்ற வேண்டும், அல்லது இன்னும் ஆழமாக அடிக்க வேண்டும். கரண்ட் இல்லாத வேலி வலையைச் சும்மா நிறுத்திவைப்பது இன்னும் மோசம். ஓநாய்க்குப் பயம் விட்டுப்போகும்.

வாய்க்கால் பக்கம் வேலி வேண்டாம் என்று விடுகிறார்கள். ஓநாய் நன்றாக நீந்தும். பட்டியை நெருக்கி அடைப்பதும் தப்பு. மிரண்ட ஆடுகள் உள்ளிருந்தே வேலியைச் சாய்த்துக்கொண்டு வெளியே ஓடிவிடும்.

ஓநாயிடம் ஆட்டைப் பறிகொடுத்த மறுநாளே ஓடிப்போய் ஒரு காவல் நாய் வாங்குவதில் பயனில்லை. பைரனீஸ் நாயோ மரெம்மா நாயோ, குட்டியிலிருந்தே ஆட்டோடு வளர வேண்டும். தேர இரண்டு வருஷமாவது ஆகும். ஒற்றை நாய் பத்தாது.

‘சுட்டால் தீர்ந்தது’ என்பவர்களின் குரல் இப்போது உரக்கக் கேட்கிறது. 2022-ல் ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா ஃபான் டெர் லையனின் மட்டக்குதிரையையே ஓநாய் கொன்றது. 2025-ல் ஐரோப்பிய ஒன்றியம் ஓநாய்க்கான பாதுகாப்பை ஒரு படி இறக்கியது. ஒன்றைச் சுட்டாலும் காலி இடத்துக்கு இன்னொன்று வரும். அதுவும் அதே ஓட்டை வேலியைத்தான் பார்க்கும். ஆட்டுக்காரரின் கோபம் நியாயமானதுதான். வேலிக்குப் பணம் கொடுக்கும் அரசு, அதை நாள்தோறும் பிடுங்கி நடும் உழைப்பைக் கணக்கில் எடுப்பது குறைவு.

காலையில் ஆடு செத்துக் கிடந்தால் இழுத்து ஓரமாகப் போடாதீர்கள். கடிபட்ட இடத்தில் ஒட்டியிருக்கும் எச்சிலில்தான் மரபணுச் சான்று இருக்கிறது. உங்கள் நாயோ நரியோ வாய் வைத்தால் அது கலந்துவிடும். தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, நாயைக் கட்டிவிட்டு, 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் சொல்லுங்கள். ஆய்வு செய்ய வருபவர் முதலில் வேலியைத்தான் அளப்பார்.