கயாக்கில் காலை எதில் உதைப்பது? நம்ம வாவி உப்புக்குத் தாங்கும் ஃபுட் பெக்

மட்டக்களப்பு வாவியில் கல்லடிப் பாலத்தடியில் இறங்கி முகத்துவாரம் வரை வலித்துப் போய்த் திரும்பினால் கையைவிட இடுப்புதான் அதிகம் உளைகிறதா? பெரும்பாலும் பிழை கதிரையில் இல்லை, காலடியில். தோணிக்குள் குறுக்குக்கட்டையில் காலை உதைத்துக்கொண்டு வலிப்பார்களே, கயாக்குக்குள் இரு பக்கமும் காலை உதைக்க இருக்கும் மிதிகட்டையான ஃபுட் பெக்குக்கும் அதே வேலைதான். வலப்பக்கம் துடுப்புப் போடும்போது வலக்கால் அழுத்த வேண்டும், கால் அந்தரத்தில் நின்றால் பாரம் முழுக்க முதுகில் ஏறும்.

நான் பழசாக வாங்கிய கயாக்கில் பெக் முன்னுக்குப் பின்னுக்கு நகர அலுமினியத் தண்டவாளம், அதைப் பூட்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆணி. பார்க்க நல்ல உறுதி. ஒரு கச்சான் காலம் முழுக்க நல்ல தண்ணீரில் கழுவாமல் ஓடினேன், ஆணியைச் சுற்றி வெள்ளை மாப்போல் பூத்து, பெக் நின்ற இடத்திலேயே இறுகிவிட்டது, என்னைவிட உயரமான மச்சான் முழங்கால் நாடியில் இடிக்க இடிக்கத்தான் வலித்தான். இந்த இரண்டு உலோகமும் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். அதனால் என் தெரிவு, தண்டவாளம் பெக் இரண்டும் நைலோன் அல்லது கண்ணாடி நார் கலந்த பிளாஸ்டிக், ஆணி மட்டும் 316 ரக ஸ்டீல். 304 மலிவு, ஆனால் உப்பில் சீக்கிரம் துருக்கறை பிடிக்கும். பாரமான ஆள், பிளாஸ்டிக் வளைகிறது என்றால் அலுமினியம் போடுங்கள், இடையில் நைலோன் வாஷர் வைத்து, ஒவ்வொரு முறையும் கழுவுங்கள்.

அடுத்த எதிரி மணல். பாசிக்குடாவில் ஏறும்போது காலோடு ஒரு பிடி மணல் உள்ளே வரும், அது பெக்கின் பல்லுக்குள்ளும் ஸ்பிரிங்குக்குள்ளும் போனால் அசையாது. வாங்கும்போதே பெக்கை முழுசாகக் கழற்ற முடிகிறதா, பல்லை விரலால் தேய்த்துக் கழுவ எட்டுகிறதா என்று பாருங்கள். மூடிக்கட்டிய டிசைன் வடிவாக இருக்கும், இங்கே சரிவராது. ஒடுங்கிய பெக் வெறுங்காலைக் குத்தும். பழைய பாட்டா செருப்பின் அடியை வெட்டி கேபிள் டையால் கட்டிவிடுங்கள், இந்தப் பிளாஸ்டிக்கில் பசை நிற்காது.

ஒரே ஆள்தான் ஓட்டுவது என்றால் தண்டவாளமே வேண்டாம். தண்ணீர் குடிக்காத அடர்த்தியான ஃபோம் கட்டையைச் செதுக்கி முன்னால் இறுக்கிவிட்டால் பாதம் முழுக்கப் பதியும், துருப்பிடிக்க ஒன்றுமில்லை. டிவி பெட்டிக்குள் வரும் வெள்ளை ரெஜிபோம் மட்டும் வேண்டாம், நசுங்கி உதிரும். சுக்கான் உள்ள கயாக் என்றால், பெக் அசையாமல் நிற்க மேல்நுனியைக் கால்விரலால் மட்டும் தள்ளித் திருப்பும் வகையைத் தேடுங்கள். முழுப் பெடலும் சறுக்கினால் அழுத்தும்போதெல்லாம் படகு கோணும்.

பூட்டும்போது பழைய துளைகளின் இடைவெளியை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள், தண்டவாளங்கள் எல்லாம் ஒரே அளவில் வருவதில்லை. பொலித்தீன் உடம்பில் சிலிக்கன் சரியாக ஒட்டாது, ஆணித் தலைக்கடியில் றப்பர் வாஷர் வேண்டும். அப்புறம், கரையில் வைத்தே ஏறி இருந்து பாருங்கள். முழங்கால் கொஞ்சம் மடிந்து, விரலுக்குக் கீழுள்ள சதைப்பகுதி பெக்கில் பட வேண்டும். பெக்குக்குப் பின்னால் பாதம் நுழைந்து சிக்குகிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். சிக்கினால் அந்த டிசைனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், கவிழ்ந்தால் அந்தக் காலை இழுத்தெடுக்க நேரம் இருக்காது.