பென்டிரைவில் கணித லினக்ஸ்: போட்ட கணக்கு மறுநாளும் இருக்க வேண்டும்

பெரம்பூரில் வீட்டிலேயே பி.எஸ்சி. கணிதப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். சிலரிடம் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி, சிலரிடம் அண்ணனுடைய பழைய லேப்டாப், அதில் இருப்பதைக் கலைத்தால் வீட்டில் திட்டு விழும். அதனால் ஆளுக்கொரு பென்டிரைவ் தருவது என்று முடிவு செய்தேன்: செருகினால் லினக்ஸ் (விண்டோஸ் போன்ற இலவச இயங்குதளம்) திறக்க வேண்டும், கணித மென்பொருள் தயாராக இருக்க வேண்டும், கழற்றினால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்க வேண்டும்.

இதற்கென்றே ஆயத்தமான லினக்ஸ் ஒன்று உண்டு. ஜப்பானில் 2003ல் நாப்பிக்ஸ்/மேத் என்று தொடங்கி, பிறகு மேத்லிப்ரே என்று பெயர் மாறியது. நல்ல வேலை அது, ஆனால் அதில் இருக்கும் மென்பொருள் பட்டியலைப் பார்த்ததுமே முதலாமாண்டுப் பிள்ளை எதைத் தொடுவது என்று தெரியாமல் உட்கார்ந்துவிடுகிறது. மூன்று போதும் என்பது என் கருத்து: மேக்ஸிமா (இயற்கணிதம், நுண்கணிதம்), ஆக்டேவ் (அணிகள், எண்வழிக் கணக்கு), ஜியோஜீப்ரா (வடிவியல்). பல கணித மென்பொருள்களை ஒன்றாகக் கட்டிய சேஜ் வேண்டாமா என்றால், அது பல ஜிபி இடம் கேட்கும், பென்டிரைவில் மெதுவாக ஓடும், தொகையிடலுக்கு அதுவும் உள்ளுக்குள் மேக்ஸிமாவைத்தான் கூப்பிடுகிறது.

சரி, வேலைக்கு வருவோம். 32 ஜிபி பென்டிரைவ், யூஎஸ்பி 3 ஆக இருக்கட்டும். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினால் வந்ததும் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற சோதனை மென்பொருளை ஓடவிட்டு உண்மையிலேயே அவ்வளவு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். டெபியன் லைவ் (நிறுவாமலே ஓடும் லினக்ஸ் வகை), எக்ஸ்எஃப்சிஇ (Xfce) என்ற இலகுவான டெஸ்க்டாப் உள்ள பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள். பழைய கணினியில் க்னோம் என்ற கனமான டெஸ்க்டாப் திணறும். டெபியன் 12லிருந்து வைஃபை வேலை செய்யத் தேவையான ஃபர்ம்வேரும் ஐஎஸ்ஓவுக்குள்ளேயே (இறக்கும் அந்த ஒற்றை ஃபைலுக்குள்ளேயே) வருகிறது, அது பெரிய நிம்மதி.

இனி வருவதுதான் என்னை மூன்று வாரம் அலைக்கழித்தது. லைவ் லினக்ஸ் இயல்பாக எதையும் சேமிக்காது, அணைத்தால் எல்லாம் போய்விடும். அது தெரிந்துதான் எட்சர் என்ற மென்பொருளால் ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் எழுதி, மீதி இடத்தில் ஜிபார்ட்டெட் என்ற கருவியை வைத்து, சேமிப்பதற்காக லினக்ஸின் இஎக்ஸ்டி4 வகைப் பார்ட்டிஷன் (தனிப் பகுதி) ஒன்று போட்டேன். ஆனால் உபுண்டுவுக்கான குறிப்பைப் பார்த்து அதற்கு காஸ்பர்-ஆர்டபிள்யூ (casper-rw) என்று பெயர் வைத்துவிட்டேன். டெபியன் தேடுவது பெர்சிஸ்டென்ஸ் (persistence) என்ற பெயரை. இல்லாவிட்டால் பிழை என்று எதுவும் காட்டாது, பாட்டுக்குத் திறக்கும், எல்லாம் ஒழுங்காக இருப்பது போலவே தெரியும். மறுநாள் ஒரு மாணவி, "மிஸ், நேத்து போட்ட கணக்கு எதுவும் காணோம்" என்று வந்து நின்றபோதுதான் எனக்கே தெரிந்தது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து போட்ட அணிக் கணக்குகள்.

பெயரை மாற்றினேன், அப்போதும் சேமித்தது தங்கவில்லை. அந்தப் பார்ட்டிஷனுக்குள் பெர்சிஸ்டென்ஸ் டாட் கான்ஃப் (persistence.conf) என்றொரு ஃபைல் வேண்டும், அதில் ஒரே வரி: சாய்வுக்கோடு, ஓர் இடைவெளி, யூனியன் என்ற சொல் (/ union). அதையும் வைத்தேன். அதன் பிறகும், லினக்ஸைத் திறக்கும் கட்டளையான பூட் வரியின் கடைசியில் பெர்சிஸ்டென்ஸ் என்று சேர்க்க வேண்டும் (உபுண்டுவில் இதே இடத்தில் பெர்சிஸ்டென்ட் (persistent), குழப்பமே அங்கேதான்). எட்சர் எழுதிய பென்டிரைவில் பூட் மெனுவை நிரந்தரமாக மாற்ற முடியாது, ஒவ்வொரு தடவையும் கையால் அடிக்க வேண்டும். புதிதாகப் படிக்க வரும் பிள்ளையிடம் அதைக் கேட்பது நியாயமே இல்லை.

அதனால் இப்போது எட்சருக்குப் பதில் ரூஃபஸ் (Rufus) என்ற மென்பொருள் மட்டும்தான். விண்டோஸில் மட்டுமே ஓடும், பரவாயில்லை. ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுத்ததும் பெர்சிஸ்டென்ட் பார்ட்டிஷனுக்கான நகர்த்தி தெரியும், 20 ஜிபிக்குத் தள்ளுங்கள். எந்த முறையில் எழுத என்று கேட்டால் ஐஎஸ்ஓ முறை, டிடி (DD) முறை வேண்டாம். பெயர், ஃபைல், பூட் வரி மூன்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

பென்டிரைவிலிருந்து திறக்க, கணினியைப் போட்டதும் பூட் மெனுவுக்கான விசையை அழுத்த வேண்டும்: பல கணினிகளில் எஃப்12, எச்பியில் எஃப்9. திறந்ததும் எதையும் நிறுவாதீர்கள். டெஸ்க்டாப்பில் ஒரு வெற்று ஃபைல் போட்டு, முறைப்படி அணைத்து, மறுபடி திறந்து பாருங்கள். ஃபைல் இருந்தால் மட்டும் மேலே போங்கள். இதை முதல் நாளே செய்திருந்தால் அந்தப் பெண்ணின் கணக்குகள் போயிருக்காது.

அப்புறம் சினாப்டிக் என்ற மென்பொருள் நிறுவியில் டபிள்யூஎக்ஸ்மேக்ஸிமா (மேக்ஸிமாவின் ஜன்னல் முகப்பு), ஆக்டேவ், ஜியோஜீப்ரா மூன்றையும் தேடி நிறுவுங்கள். கடவுச்சொல் கேட்டால் லைவ் (live), சிற்றெழுத்தில். டெபியன் தருவது ஜியோஜீப்ராவின் பழைய 4ஆம் வரிசை, முப்பரிமாணம் இல்லை, தள வடிவியலுக்குத் தாராளமாகப் போதும். மொத்த அப்டேட் கொடுக்காதீர்கள், இடம்தான் நிரம்பும்: இயங்குதளத்தின் மையமான கெர்னல் எப்படியும் லைவ் பகுதியிலிருந்துதான் ஏறுகிறது.

பிள்ளைகளுக்கு எளிதாவது அடுத்த சின்ன வேலைகளில்தான். எக்ஸ்எஃப்சிஇயின் செஷன் அமைப்பில் டபிள்யூஎக்ஸ்மேக்ஸிமாவைத் தானாகத் திறக்க வையுங்கள். அதன் அமைப்புகளில் என்டர் தட்டினாலே கணக்குப் போடும்படி மாற்றுங்கள், இயல்பில் ஷிஃப்டும் சேர்த்து அழுத்த வேண்டும், பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். டெஸ்க்டாப்பில் ஒரு மாதிரித் தாளும் வையுங்கள். என் தாளில் முதல் இரண்டு வரி: பை என்ற எண்ணுக்கு முன்னால் சதவீதக் குறி போட வேண்டும், வெறும் பை என்று அடித்தால் அதை ஒரு மாறியாக எடுத்துக்கொள்ளும், லாக் என்றால் இயல் மடக்கை, லாக் 100க்கு 2 வராது, தசமத்தில் கேட்டால் 4.605 வரும்.

ஒன்று சரியாக அமைந்ததும் மற்றவற்றுக்கு முழுதாக நகல் எடுக்கலாம். எல்லாம் ஒரே மாடலாக வாங்குங்கள், 32 ஜிபி என்று எழுதியிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் கூடக் குறைய இருக்கும், சிறியதில் நகல் பாதியில் நின்றுவிடும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்த ஒருவர், பழக்கத்தில் செக்யூர் பூட்டை (அங்கீகாரமில்லாத இயங்குதளம் திறப்பதைத் தடுக்கும் கணினி அமைப்பை) அணைத்திருக்கிறார். அடுத்து விண்டோஸைத் திறந்தபோது விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கர் 48 இலக்கச் சாவியைக் கேட்டு நின்றுவிட்டது. டெபியன் 10லிருந்தே செக்யூர் பூட்டோடு திறக்கும், அதைத் தொடவே வேண்டாம். தொட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் அந்தச் சாவியை முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.